டாப்பெட் சத்தம் நின்னா சந்தோஷப்படாதீங்க!

போன மாசம் எங்க ஹாஸ்டல்ல ஒரு ஜூனியர் செகண்ட் ஹேண்ட்ல ஆர்எக்ஸ் 100 வாங்கிட்டு வந்தான். வண்டியை வித்தவர் கூடவே ஒரு சின்ன பாட்டிலையும் கையில கொடுத்து, "தம்பி, இது பழைய வண்டி. இப்ப வர்ற பெட்ரோல்ல ஈயம் கிடையாது. மாசம் ஒரு தடவை இதை டேங்க்ல ஊத்தலைன்னா வால்வு சீட் தேஞ்சு போயிடும்"னு சொல்லி தனியா 300 ரூபாய் வாங்கிட்டாராம். பையன் பயபக்தியோட அந்த பாட்டிலை சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சிருந்தான்.

"டேய், இது டூ ஸ்ட்ரோக். போர்ட் வழியா மூச்சு விடுற இன்ஜின். இதுல எக்ஸாஸ்ட் வால்வே இல்லையே, சீட் எங்கேர்ந்து தேயும்?"னு கேட்டேன். உடனே இன்னொருத்தன், "ரீட் வால்வு இருக்கே அண்ணா"ன்னான். இருக்கு. ஆனா அது இன்டேக் பக்கம் இருக்கிற மெல்லிய தகடு. நெருப்பு அது பக்கமே போகாது. ஈயத்துக்கும் அதுக்கும் ஒரு உறவும் இல்ல.

சரி, அப்போ பழைய வண்டிக்கு அன்லெடட் பெட்ரோல் ஆகாதுன்னு சொல்றது முழுக்கப் புரளியான்னு கேட்டா, அதுவும் இல்ல. சில இன்ஜின்களுக்கு அது நூத்துக்கு நூறு உண்மை. அந்த உண்மையை நான் எங்க பெரியப்பா கார்ல செலவு பண்ணித்தான் கத்துக்கிட்டேன். அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன். முதல்ல ஈயம் பெட்ரோலுக்குள்ள எப்படி வந்துச்சுன்னு பாத்துடலாம்.

1921 டிசம்பர். அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக் கூடத்துல தாமஸ் மிட்ஜ்லி, நாக்கிங்கைக் கட்டுப்படுத்த ஒரு பொருளைத் தேடிக்கிட்டு இருந்தார். எத்தனையோ ரசாயனத்தை ஊத்திப் பாத்துட்டு, கடைசியா டெட்ரா ஈத்தைல் லெட்ல வந்து நின்னார். ரொம்பக் கொஞ்சம் கலந்தாலே நாக்கிங் அடங்குச்சு. 1923-ல 'ஈத்தைல்'ங்கிற பேர்ல விற்பனைக்கு வந்துச்சு. பேர்ல 'லெட்'ங்கிற வார்த்தையே இல்லாததைக் கவனிங்க. 1924 அக்டோபர்ல நியூ ஜெர்சி பேவே சுத்திகரிப்பு ஆலையில இதைத் தயாரிச்ச தொழிலாளர்கள் மூளை பாதிக்கப்பட்டு, புத்தி தடுமாறி, அஞ்சு பேர் செத்துப் போனாங்க. கொஞ்ச நாள் விற்பனையை நிறுத்திட்டு மறுபடி ஆரம்பிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் உலகம் பூரா அரை நூற்றாண்டுக்கு மேல அதே பெட்ரோல்தான்.

ஈயம் இன்ஜினுக்குள்ள எரிஞ்சு சாம்பலா தங்கிடக் கூடாதுன்னு கூடவே எத்திலீன் டைபுரோமைடு மாதிரி பொருட்களையும் கலந்தாங்க. அது ஈயத்தை ஆவியாகக்கூடிய உப்பா மாத்தி சைலன்சர் வழியா வெளியே தள்ளும். அதாவது, இன்ஜினுக்கு ஆகாததை ரோட்டுல நடந்து போறவன் மூச்சுக்கு அனுப்புற ஏற்பாடு. பூமியோட வயசை சுமார் 455 கோடி வருஷம்னு கணிச்ச கிளேர் பேட்டர்சன், தன்னோட பாறை மாதிரிகள்ல ஈயத்தை அளக்கப் போய், எங்க தொட்டாலும் வெளியிலிருந்து வந்த ஈயம் ஒட்டிக்கிட்டு இருக்கிறதைக் கண்டு மிரண்டு போனார். பிறகு இந்தப் பெட்ரோலுக்கு எதிரா பல வருஷம் போராடினார்.

நம்ம ஊர்ல சென்னை உட்பட நாலு பெருநகரங்கள்ல 1995 ஏப்ரல்ல அன்லெடட் பெட்ரோல் வந்துச்சு. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வச்ச புது கார்களுக்காக வந்தது அது. ஈயம் பட்டா கன்வெர்ட்டர்ல இருக்கிற பிளாட்டினம் வேலை செய்யாம போயிடும். 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க அன்லெடட் மட்டும்தான். உலகத்துலயே கடைசியா கார்களுக்கு ஈயம் கலந்த பெட்ரோலை வித்த நாடு அல்ஜீரியா. 2021 ஜூலையில அங்கேயும் நின்னு போச்சு.

இப்ப வால்வு விஷயத்துக்கு வருவோம். ஈயம் இன்ஜினுக்கு ரெண்டு வேலை செஞ்சுது. ஆக்டேனை உயர்த்தினது ஒண்ணு. அதுக்காகத்தான் கலந்தாங்க. ரெண்டாவது யாரும் கேக்காம கிடைச்ச இலவச இணைப்பு: எரிஞ்ச ஈயத்தோட ஆக்சைடும் சல்பேட்டும் எக்ஸாஸ்ட் வால்வு முகத்துலயும் சீட்லயும் மெல்லிய படலமா படிஞ்சு, ரெண்டு இரும்புக்கு நடுவுல ஒரு மெத்தை மாதிரி இருந்துச்சு.

அந்த மெத்தை ஏன் தேவைப்பட்டுச்சு? ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் 3000 ஆர்பிஎம்ல ஓடும்போது ஒரு எக்ஸாஸ்ட் வால்வு நிமிஷத்துக்கு 1500 தடவை, வினாடிக்கு 25 தடவை சீட்ல வந்து மோதும். லோடு ஏறும்போது அந்த வால்வு தலை சுமார் 700 டிகிரி செல்சியஸ் சூட்டுல இருக்கும். அவ்வளவு சூட்டுல இரும்பும் இரும்பும் நேரடியா அழுந்தினா, பரப்புல இருக்கிற நுண்ணிய மேடுகள் ஒண்ணோட ஒண்ணு பத்திக்கும். குட்டி குட்டி வெல்டிங்னு வச்சுக்கோங்க. அடுத்த கணம் கேம் வால்வைத் திறக்கும்போது அந்த ஒட்டு பிய்ச்சுக்கிட்டு வரும். பிய்ஞ்ச இரும்புத்துகள் ஆக்சைடா மாறி வால்வு முகத்துல ஒட்டிக்கிட்டு, உப்புத்தாள் மாதிரி சீட்டை அரைக்க ஆரம்பிக்கும். வால்வு கொஞ்சம் கொஞ்சமா ஹெட்டுக்குள்ள புதையும். பாடத்துல இதுக்கு வால்வு சீட் ரிசெஷன்னு பேரு. பட்டறையில "சீட் இறங்கிடுச்சு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவாங்க.

இன்டேக் வால்வுக்கு இந்தப் பிரச்சினை பெரும்பாலும் வராது. ஒவ்வொரு தடவையும் குளிர்ந்த காத்தும் பெட்ரோலும் அது மேல பட்டுட்டே இருக்கு.

அப்போ எந்த வண்டிக்குப் பயப்படணும்? தயாரிச்ச வருஷத்தைப் பாக்கிறதுக்கு முன்னாடி ஹெட் என்ன உலோகம்னு பாருங்க. முழு ஹெட்டும் வார்ப்பிரும்பா இருந்து, அந்த இரும்பிலேயே நேரா சீட் வெட்டியிருந்தா கவலைப்படணும். இதுக்கு நம்ம ஊர்ல எல்லாரும் அறிஞ்ச உதாரணம் அம்பாசடரோட பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். அது பிரிட்டனோட பிஎம்சி பி சீரிஸ் குடும்பம். அங்க எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார்ல ஓடினதும் அதே குடும்பம்தான். அந்த ஹெட்ல ரெண்டாவது, மூணாவது சிலிண்டரோட எக்ஸாஸ்ட் ரெண்டும் ஒரே போர்ட்டைப் பகிர்ந்துக்கும். நடுவுல சூடு தேங்குறதால தேய்மானத்தைத் தேடணும்னா முதல்ல அங்கதான் பாக்கணும்.

அலுமினிய ஹெட்னா கதை வேற. அலுமினியம் அந்த அடியைத் தாங்காதுங்கிறதால சீட்டுக்குத் தனி உலோக ரிங் போட்டே ஆகணும். எல்லா ரிங்கும் ஒரே கடினம் இல்லைதான். இருந்தாலும் சாதாரண வார்ப்பிரும்பு அளவுக்கு மோசமா போறது அரிது. இங்க நம்ம பசங்க அடிக்கடி தடுக்கி விழுற இடம் ஒண்ணு இருக்கு. "என்னோடது காஸ்ட் அயர்ன் புல்லட், அதனால அன்லெடட் ஆகாது"ம்பாங்க. அந்தப் பேர்ல இருக்கிற காஸ்ட் அயர்ன் சிலிண்டர் பேரலைக் குறிக்குது. மேல இருக்கிற ஹெட் அலுமினியம். சந்தேகமா இருந்தா ஒரு காந்தத்தை எடுத்து ஹெட் மேல வச்சுப் பாருங்க, ஒட்டாது. பைசா செலவில்லாத டெஸ்ட்.

அமெரிக்க கம்பெனிகள் 1970-களோட தொடக்கத்துலயே வார்ப்பிரும்பு சீட்டை இண்டக்ஷன் முறையில கடினப்படுத்த ஆரம்பிச்சுட்டாங்க. அதனால ஒரு வண்டி இரும்பு ஹெட்டா இருந்தாலே ஆபத்துன்னும் முடிவு கட்ட முடியாது. அந்த இன்ஜினோட மேனுவலைப் பாக்கணும்.

இப்ப பெரியப்பா கதை. அவர்கிட்ட ஒரு பழைய கார் இருக்கு. என்ன கார்னு சொல்ல மாட்டேன், அவர் இந்த இதழைப் படிப்பார். ஊருக்குள்ள கோயில், கல்யாணம், சந்தைன்னு 40, 50 கிலோமீட்டர் வேகத்துல இருபது வருஷத்துக்கு மேல அன்லெடட்லதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஒரு பிரச்சினையும் இல்ல. போன வருஷம் லீவுல நான் வாங்கி நாலு வழிச் சாலையில ஏத்தினேன். சேலத்துக்கும் சென்னைக்கும் மூணு நாலு தடவை, ஆக்சிலேட்டரை விடாம மிதிச்சு. திரும்பி வந்தப்போ பெரியப்பா பானெட் பக்கத்துல காதை வச்சுக் கேட்டுட்டு, "பரவாயில்லையேடா, டாப்பெட் சத்தமே இல்ல. வண்டி நல்லா பதமாயிடுச்சு"ன்னார். எனக்குப் பெருமை தாங்கல.

ரெண்டு வாரத்துல வண்டி ஐடிலிங்ல குலுங்க ஆரம்பிச்சுது. மேட்டுல இழுக்கல. பட்டறையில கம்ப்ரெஷன் பாத்தா மூணு சிலிண்டர்ல 120 பிஎஸ்ஐக்கு மேல, ஒண்ணுல மட்டும் 45. ஹெட்டைக் கழட்டினா அந்த எக்ஸாஸ்ட் வால்வோட ஓரத்துல, பிஸ்கெட்டைக் கடிச்ச மாதிரி ஒரு துண்டு எரிஞ்சு போயிருந்துச்சு. மேஸ்திரி அதை என் கையில கொடுத்துட்டு, "தம்பி, சத்தம் வந்தா நான் சரி பண்ணித் தர்றேன். சத்தம் நின்னதும் ஏன் வண்டிய கொண்டு வரல?"ன்னார்.

அவர் கேட்டதுல ஒரு செமஸ்டர் பாடம் இருக்கு. சாதாரணமா ராக்கர், புஷ்ராட், கேம் தேஞ்சா வால்வு கேப் கூடும். டாப்பெட் 'டக் டக்'னு அடிக்கும். சீட் இறங்கும்போது நடக்கிறது நேர் எதிர். வால்வு தலை மேல புதையுற அளவுக்கு அதோட தண்டு முனை ராக்கரை நோக்கி எழும்பும். கேப் குறையும், சத்தமும் குறையும். கேப் பூஜ்யமானா வால்வு முழுசா மூடாது. வால்வு தன்னோட சூட்டை இறக்கி வைக்கிறதே சீட் மேல உக்காரும் அந்த நேரத்துலதான். உக்கார இடம் இல்லைன்னா சூடு போக வழி இல்ல. இடுக்கு வழியா எரியுற வாயு பீச்சி அடிக்கும். மிச்சத்தை நான் கையில வாங்கிப் பாத்தேன்.

ஒரு சின்ன கணக்கு போடுவோம். பி சீரிஸ் இன்ஜின்கள்ல கொடுக்கிற கேப் 0.015 அங்குலம், பட்டறை பாஷையில 15 தவ், நம்ம அளவுல 0.38 மி.மீ. சீட் 45 டிகிரி சாய்வுல இருக்கிறதால, அந்தச் சாய்ந்த பரப்புக்குச் செங்குத்தா 0.1 மி.மீ. தேஞ்சாலே வால்வு 0.14 மி.மீ. எழும்பிடும். ரெண்டு பக்க உலோகமும் சேர்ந்து 0.27 மி.மீ. தேஞ்சா மொத்த கேப்பும் காலி. ஒரு விசிட்டிங் கார்டு தடிமன் அளவுக்குத்தான் உங்களுக்கு அவகாசம்.

அதனால பழைய இரும்பு ஹெட் வண்டி உங்க வீட்ல இருந்தா முதல் மருந்து ஃபில்லர் கேஜ். மேனுவல் சொல்ற சூட்டுநிலையில வச்சு அளங்க. வரிசையா எட்டு வால்வு இருக்கிற பல நாலு சிலிண்டர் இன்ஜின்கள்ல ஒன்பது கணக்கு வேலை செய்யும்: ஒண்ணாவது வால்வு முழுசா திறந்திருக்கும்போது எட்டாவதை அளக்கணும், ரெண்டாவது திறந்திருந்தா ஏழாவது, இப்படியே கூட்டினா ஒன்பது வர்ற மாதிரி. அளந்ததோட விட்டுடாதீங்க. நோட்டு போட்டு, ஒவ்வொரு தடவையும் எந்த வால்வை எவ்வளவு தளர்த்தினீங்கன்னு எழுதிக் கூட்டிக்கிட்டே வாங்க. ஒரே எக்ஸாஸ்ட் வால்வை மூணு தடவையும் தளர்த்தியிருந்தீங்கன்னா அங்க சீட் இறங்குதுன்னு அர்த்தம். கேப்பை மறுபடி வச்சுட்டா வால்வு எரியாம தப்பிக்கும். தேய்மானம் மட்டும் நிக்காது.

இது ஆர்பிஎம்மும் லோடும் சேர்ந்து கொண்டு வர்ற வியாதி. மெதுவா ஓட்டுற வரைக்கும் வருஷக்கணக்கா தெரியவே தெரியாது. பெரியப்பா கையில தாங்கினது என் கையில போனதுக்குக் காரணம் அதுதான். கேஸ் கிட் போட்ட பழைய கார் வச்சிருக்கிறவங்க இன்னும் கவனமா இருக்கணும். எல்பிஜியிலயும் சிஎன்ஜியிலயும் ஈயமும் இல்ல, பெட்ரோல் மாதிரி ஈரமும் இல்ல. சீட் இன்னும் சீக்கிரம் இறங்கும்.

பாட்டில் மருந்துகளைப் பத்தி: எல்லாமே ஏமாத்து இல்ல. பொட்டாசியம், சோடியம், பாஸ்பரஸ், மாங்கனீஸ் சேர்மங்கள் சீட் மேல ஈயத்தைப் போல ஓரளவுக்குப் படலம் போடும். பிரிட்டன்ல ஈயப் பெட்ரோலை நிறுத்தினப்போ பழைய கார்களுக்குன்னு பொட்டாசியம் கலந்த பெட்ரோலை பங்க்லயே வித்தாங்க. ஆனா சொன்ன அளவுல ஒவ்வொரு தடவையும் கலக்கணும். மாசம் ஒரு மூடின்னா அது பிரசாதம். ரெண்டு வகையை ஒண்ணா கலக்கவும் கூடாது. ஆக்டேன் பூஸ்டர்ங்கிறது வேற சரக்கு. சீட்டைக் காப்பாத்தும்னு அதோட லேபிள்லயே சொல்லியிருந்தா ஒழிய நம்பாதீங்க. டேங்க்ல போடுற காந்தம், தகர உருண்டை வகையறாவுக்கு நான் இடம் ஒதுக்கப் போறதில்ல.

ஆக்டேன் பயமும் இங்க பெரும்பாலும் தேவையில்ல. 1990-கள்ல நம்ம ஊர் சாதாரண பெட்ரோல் 87 ஆக்டேன். இன்னைக்கு பிஎஸ் 6 தரத்துல குறைஞ்சபட்சமே 91. அந்தக் கால இந்திய இன்ஜின்கள் குறைஞ்ச கம்ப்ரெஷன்ல ஓடினவை. அதுங்களுக்கு இது தாராளம்.

நிரந்தரமான தீர்வு, கடினமான சீட் ரிங் போடுறது. ஹெட்டை லேத் பட்டறைக்குக் கொண்டு போய் பழைய சீட்டைக் குடைஞ்சு எடுத்துட்டு, அலாய் ரிங்கை இறுக்கமா இறக்கணும். இன்டர்ஃபெரன்ஸ் ஃபிட்னு படிச்சோமே, அது இங்கதான் உயிரோட இருக்கு. ரிங் 35 மி.மீ. விட்டம், இறுக்கம் 0.08 மி.மீ.னு வச்சுக்கோங்க. இரும்போட விரிவுக் கெழு சுமாரா டிகிரிக்கு 11 மைக்ரோ. உலர் பனியில வச்சா ரிங் 30 டிகிரியிலிருந்து மைனஸ் 78-க்கு இறங்கும், சுருக்கம் சுமார் 0.042. ஹெட்டை 120 டிகிரி கூடுதலா சூடாக்கினா துளை சுமார் 0.046 விரியும். மொத்தம் 0.088. மிச்சம் 0.008 மி.மீ.தான்! ரிங்கை எடுத்து வச்சுக்கிட்டு போன்ல வீடியோ எடுக்க நேரம் கிடையாது. குடையும்போது ஆழம் தப்பினா வாட்டர் ஜாக்கெட் ஓட்டையாகி ஹெட்டே போயிடும். இதுல அனுபவம் இருக்கிற ஆளைத் தேடிப் பிடிங்க. நாலு எக்ஸாஸ்ட்டுக்கு மட்டும் போட்டாலே பெரும்பாலும் போதும். ஹெட் நல்லா இருக்கும்போதே அவசரப்பட்டுப் பிரிக்கவும் வேண்டாம். கேப் நகராத வண்டியை விட்டுடுங்க.

இன்னொண்ணு. இப்ப பழைய வண்டிக்கு என்ன வந்தாலும் "அன்லெடட் பெட்ரோல்தான் காரணம்"னு சொல்றது பழக்கமாயிடுச்சு. பம்ப் டயஃப்ரம் ஊறிப் போறது, ஹோஸ் வெடிக்கிறது, டேங்க் துருப்பிடிக்கிறது இதெல்லாம் ஈயம் இல்லாததால வர்றதில்ல. அது எத்தனால் வேலை. ஈ20-க்கு சரியான காத்து விகிதம் சுமார் 13.5. பெட்ரோலுக்கு ட்யூன் பண்ண கார்புரேட்டர் 14.7 கணக்குலயே கொடுத்துக்கிட்டு இருக்கும். கிட்டத்தட்ட 9 சதவீதம் லீன். முழு லோடுல எக்ஸாஸ்ட் வால்வைக் கொஞ்சம் குளிர வச்சிருந்த அந்த ரிச் கலவையும் குறைஞ்சு போகுது. ஆக, ரப்பரை மாத்துங்க, ஜெட்டைப் பாருங்க. ஈயத்தைத் தேடாதீங்க. பிளக்கும் சைலன்சரும் இன்ஜின் ஆயிலும் ஈயம் போனதுக்கு அப்புறம்தான் அதிக நாள் உழைக்குது.

சில பேர் இணையத்துல, விமானத்துக்கான ஏவ்கேஸ்ல இன்னும் ஈயம் இருக்கு, அதைக் கொஞ்சம் கலக்கலாம்னு யோசனை சொல்றாங்க. இருக்கிறது உண்மைதான். ஆனா பேவே ஆலையில அஞ்சு பேர் எதால செத்தாங்கன்னு மேலே படிச்சீங்க. பட்டறையில பெட்ரோல்லயே கை கழுவிட்டு அதே கையால டீ குடிக்கிற பசங்களை நீங்களும் பாத்திருப்பீங்க.

ஜூனியர் அந்த பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கப் போனான், வித்தவர் போனை எடுக்கல. பெரியப்பா கார்ல ரிங் போட்டு ஒரு வருஷம் ஆகுது. டேஷ்போர்டுல ஒரு நோட்டும் ஃபில்லர் கேஜும் நிரந்தரமா குடியிருக்கு. போன ஞாயித்துக்கிழமை எட்டு வால்வையும் அளந்தோம். மூணாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட், வச்ச இடத்துலயே நிக்குது. டாப்பெட் மட்டும் லேசா அடிச்சுக்கிட்டு இருக்கு. பெரியப்பா இப்ப அதை ரேடியோ மாதிரி கேக்குறார். கார் சாவியை மட்டும் இன்னும் என்கிட்ட கொடுக்கல.